கம்பத்தில் ஏறாத ராசு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. அங் மோ கியோ அவென்யூ 5 பக்கம் காரை நிறுத்திவிட்டுப் புளோக்குகளைத் தாண்டி நடந்தால் கெபுன் பாரு பறவைப் பாடல் மன்றம் முதலில் காதுக்குத்தான் தெரியும். எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாத ஒரு குறுகுறுப்புச் சத்தம். நாலா பக்கமும் யாரோ வாய்க்குள் தண்ணீரை வைத்துக்கொண்டு மெல்லச் சிரிப்பதுபோல. பிறகு தலையை நிமிர்த்தினால் புல்வெளியில் வரிசை வரிசையாகக் கம்பங்கள், ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு கூண்டு. தேசிய தினத்தன்று கொடி ஏற்றுவதுபோல, கப்பியில் கயிறு போட்டுக் கூண்டை மேலே ஏற்றிவிடுகிறார்கள். இரண்டு மாடி உயரத்தில் காற்றில் மெதுவாக ஆடிக்கொண்டே பாடுகின்றன மெர்போக் பறவைகள்.

மெர்போக் என்பது மலாய்ப் பெயர். தமிழில் வரிப்புறா. நீங்கள் தினமும் பார்க்கும் பறவைதான். புளோக்கின் கீழ்த்தளத்தில், புல்லோரத்தில், நடைபாதையில் தலையை ஆட்டி ஆட்டி நடந்துபோகும், கழுத்தில் கோடு போட்ட சின்னப் புறா. கெபுன் பாருவில் இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேலே ஆயிரம் வெள்ளி மதிப்புள்ள மெர்போக் கூண்டுக்குள் பாடிக்கொண்டிருக்கும். கீழே, அதே கம்பத்தின் அடியில், ஒரு காசு பெறாத அதன் உறவுக்காரர் புல்விதை பொறுக்கிக்கொண்டிருப்பார்.

கம்பத்தில் ஏற்றுவது மெர்போக்கை மட்டும்தான். சிவப்புக் கன்னமும் கொண்டையுமாக இருக்கும் ஜம்புல், அதாவது நம் ஊர்ச் செம்மீசைச் சின்னான், ஆள் உயரத்தில் தொங்கும் கூண்டுகளில் இருக்கும். மாத்தா பூத்தே எனப்படும் வெள்ளைக்கண்ணி அதைவிடச் சின்னக் கூண்டில், ஓர் இடத்தில் நிற்காமல் குதித்துக்கொண்டிருக்கும். சுற்றிலும் கோப்பியும் நாளிதழுமாகப் பெரியவர்கள். சீனர்கள், மலாய்க்காரர்கள், அங்கங்கே நம்மவர்கள். ஒரு காலத்தில் தியோங் பாருவின் பறவை மூலைதான் இதற்குப் பேர்போன இடம். அங்கே பழைய கட்டடங்கள் ஹோட்டலாக மாறியபின் அந்த மூலை களையிழந்துவிட்டது. இப்போது தீவில் மிஞ்சியிருக்கும் பெரிய கூட்டம் இதுதான் என்கிறார்கள்.

என் அப்பாவுக்கு இந்த இடம் ஏறத்தாழ ஒரு கோயில். 2008ல், நான் பல்கலைக்கழகத்தில் ஊடகம் படிக்கத் தொடங்கிய ஆண்டு, அறுபது வெள்ளிக்கு ஒரு மெர்போக் வாங்கினார். ராசு என்று பெயர் வைத்தார். அப்பா கப்பல் பட்டறையில் முப்பத்தொரு ஆண்டு வேலை பார்த்தவர். வாரம் ஆறு நாளும் சுத்தியல் சத்தம். ஏழாம் நாள் ராசுவின் சத்தம். நண்பர் ஒருவரின் வேனில் இருவரும் ஆளுக்கொரு கூண்டை மடியில் வைத்துக்கொண்டு கெபுன் பாருவுக்குப் போவார்கள். 2013 ஜூனில் புகைமூட்டம் வந்து பிஎஸ்ஐ 401ஐத் தொட்டபோது, எங்கள் வீட்டில் முதலில் ஜன்னல் மூடிய, முதலில் மின்விசிறி வைத்த அறை ராசு இருந்த அறை. அம்மாவும் நானும் பிறகுதான்.

கொவிட்டுக்குப் பிறகு அந்த நண்பர் தவறிப்போனார். வேனும் போனது. கூண்டோடு எம்ஆர்டியில் ஏற முடியாது. அப்பா கெபுன் பாருவுக்குப் போவதை நிறுத்தினார். "அதுக்கும் வயசாயிடுச்சு, எனக்கும் வயசாயிடுச்சு. எதுக்கு அலைச்சல்?" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

நான் வானொலியில் காலை நிகழ்ச்சி செய்பவள். திருமணத்துக்குப் பிறகு பொங்கோலில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் ஈசூனில் உள்ள அப்பா வீட்டுக்குப் போவேன். சென்ற ஆண்டின் கடைசியிலிருந்தே ராசுவிடம் சில மாற்றங்கள் தெரிந்தன. இப்போது நினைத்துப் பார்த்தால், ஒவ்வொன்றையும் நான் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு, ஒவ்வொன்றின்மேலும் "வயசு" என்ற ஒரு துணியைப் போர்த்தியிருக்கிறேன்.

பகலில் தூங்கியது. சிறகைப் புசுபுசுவென்று உப்பிக்கொண்டு பந்துபோல உட்கார்ந்திருந்தது. மேல்குச்சியில் உட்காருவதை விட்டுக் கீழ்க்குச்சிக்கு வந்தது. பிறகு சில நாள் கூண்டின் தரையிலேயே இருந்தது. தினைக் கிண்ணம் பாதிக்குமேல் அப்படியே மிச்சம். தண்ணீர் குடிக்கும் விதத்திலும் ஏதோ மாறியிருந்தது. பெரும்பாலான பறவைகள் ஒரு வாய் அள்ளித் தலையை நிமிர்த்தி விழுங்கும். புறா இனம் அலகை உள்ளேயே வைத்து நாம் ஸ்ட்ராவில் உறிஞ்சுவதுபோல உறிஞ்சிக் குடிக்கும். ராசு அலகைக் கிண்ணத்தின் விளிம்பில் இரண்டு முறை முட்டி, மூன்றாம் முறைதான் தண்ணீரைக் கண்டுபிடித்தது.

"கண்ணு மங்குதுப்பா."

"பதினேழு வயசும்மா. உன் கண்ணாடி பவரே மாறிடுச்சு."

சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

மார்ச் மாதம் ஒரு வேலை வந்தது. வார இறுதியில் குடும்பத்தோடு போகக்கூடிய இடங்களைப் பற்றி ஒரு தொடர். கெபுன் பாருவைச் சொன்னதும் தயாரிப்பாளருக்குப் பிடித்துவிட்டது. வாடகைக் கார் எடுத்தேன். அப்பாவையும் ராசுவையும் அழைத்துப் போனால் அவருக்கும் சந்தோஷம், எனக்கும் ஒரு நல்ல குரல் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். மூன்று வருடத்துக்குப் பிறகு அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வாசலில் நின்றார். ராசுவின் கூண்டுக்குத் துவைத்த உறை.

மன்றத்தில் எல்லாருக்கும் அப்பாவைத் தெரிந்திருந்தது. யாரோ ஒரு சீன அங்கிள் கேட்காமலேயே ஒரு கோப்பி ஓ கோசோங் வாங்கி வந்து கையில் கொடுத்தார். அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பது அந்த மனிதருக்கு இன்னும் நினைவிருக்கிறது! நான் ஒலிவாங்கியைத் தயார் செய்தேன். அப்பா உறையை எடுத்துவிட்டு, கயிற்றின் கொக்கியில் கூண்டை மாட்டி, இழுக்கத் தொடங்கினார்.

கூண்டு தலைக்குமேல் போகும்முன் ஒரு கை வந்து கயிற்றைப் பிடித்தது. பக்கத்துக் கம்பத்துக்காரர், அப்பா வயதுள்ள மலாய்ப் பெரியவர். கூண்டை மீண்டும் இறக்கி, கண் மட்டத்தில் வைத்து, ஒரு நிமிடம் எதுவும் பேசாமல் பார்த்தார். பிறகு அப்பாவிடம் அனுமதி கேட்டு, கதவைத் திறந்து, ராசுவைக் கையில் எடுத்து, விரலால் அதன் நெஞ்சைத் தடவினார்.

"வயசாயிடுச்சு, அதான்," என்றார் அப்பா மலாயில்.

அவர் தலையை அசைத்தார். "புக்கான் துவா. சாக்கிட்."

வயது இல்லை. நோய்.

எனக்கும் தொட்டுக் காட்டினார். நெஞ்சின் நடுவில் ஓடும் எலும்பு கத்தி முனைபோல நீட்டிக்கொண்டிருந்தது. நல்ல பறவைக்கு அதன் இரு பக்கமும் சதை மேடாக இருக்கும் என்றார். வாலைப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் பம்பு அடிப்பதுபோல ஆடியது. சும்மா உட்கார்ந்திருக்கும் பறவைக்கு மூச்சுவிட வாலின் உதவி வேண்டியதில்லை. இவ்வளவு நாளும் "வாலை ஆட்டுது பாரு" என்று நான் கைப்பேசியில் காணொளி எடுத்துத் தோழிகளுக்கு அனுப்பியிருக்கிறேன்.

அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. பதினேழு வருடம் வளர்த்தவனுக்குத் தெரியாததா என்று முணுமுணுத்தார். ராசு அன்று கம்பத்தில் ஏறவில்லை. என் ஒலிப்பதிவும் நடக்கவில்லை. வரும் வழியெல்லாம் அவர் பேசவில்லை. உறை போட்ட கூண்டு அவர் மடியில் இருந்தது.

அன்றிரவு பழைய வன்தட்டைத் தேடி எடுத்தேன். 2009ல், இரண்டாம் ஆண்டுப் படிப்பில், ஐந்து நிமிட ஒலிச்சித்திரம் செய்யச் சொன்னார்கள். நான் கெபுன் பாருவில் ராசுவைப் பதிவு செய்திருந்தேன். ஒரு வயதே ஆன ராசு. மெர்போக் போட்டிகளில் குரலை முன், நடு, முடிவு என்று பிரித்து மதிப்பெண் போடுவார்கள். இது சும்மா பொழுதுபோக்கு இல்லை. தாய்லாந்தின் தென்கோடியில் யாலாவில் ஆசியான் அளவில் போட்டியே நடக்கிறது. அதற்குப் பக்கத்தில் சானா என்ற வட்டாரத்தில் மெர்போக் வளர்ப்பது ஒரு குடிசைத் தொழில். அப்பா சொல்லிக் கொடுத்த கணக்கில், ராசுவின் கூவலில் முடிவுப் பகுதிதான் அழகு. கு, கு, கு என்று சரிந்து வந்து கடைசியில் ஒன்று மட்டும் நீண்டு நிற்கும்.

அடுத்த நாள் மாலை வேலை முடிந்ததும் ஈசூனுக்குப் போனேன். அரைமணி நேரம் காத்திருந்து ராசுவின் இப்போதைய குரலைப் பதிவு செய்தேன். திரையில் இரண்டு ஒலி அலைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தேன். மேலே எட்டு மேடுகள். கீழே நான்கு. நான்காவதற்குப் பிறகு ஒரு சின்ன கரகரப்பு, அவ்வளவுதான். நீளும் அந்தக் கடைசிச் சத்தம் எங்கும் இல்லை. குரலை வைத்துப் பிழைப்பு நடத்துபவள் நான். ஒரு நேர்காணலில் விருந்தினர் மூச்சு வாங்கும் இடத்தைக்கூட வெட்டி ஒட்டத் தெரிந்தவள். வாரா வாரம் அந்த வரவேற்பறையில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன்.

அப்பாவைக் கூப்பிட்டு இரண்டையும் போட்டுக் காட்டினேன்.

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா," என்றார்.

மறுபடி போட்டேன். ஒலியைக் கூட்டினேன்.

"நல்லாத்தான் கூவுது. ஒரு வித்தியாசமும் இல்லையே."

பொய் சொல்லும் முகம் இல்லை அது. கூர்ந்து கேட்கும்போது அவர் எப்போதும் செய்வதுபோல இடது பக்கமாகத் தலையைச் சாய்த்திருந்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முப்பத்தொரு ஆண்டு பட்டறைச் சத்தம் வாங்கிய காது. ராசு நான்கோடு நிறுத்தியபின் மிச்சம் நான்கையும் அவர் மனத்துக்குள்ளேயே கேட்டு நிரப்பிக்கொண்டிருந்தார். தொலைக்காட்சியின் ஒலி கூடிக்கொண்டே போனதற்கு, நான் தொலைபேசியில் சொல்வதை அம்மா திருப்பிச் சொல்வதற்கு, எல்லாவற்றுக்கும் நாங்கள் வைத்திருந்த அதே சொல்: வயசு.

அன்று அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. "நாளைக்கு ராசுவை மருத்துவர்கிட்ட காட்டலாம்பா" என்று மட்டும் சொன்னேன்.

எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பறவை பார்ப்பதில்லை என்பது முதல் பாடம். இரண்டு மருந்தகங்களில் நாயும் பூனையும்தான் என்றார்கள். மூன்றாவதில் பறவைகளைப் பார்க்கும் மருத்துவர் இருந்தார். இளம்பெண். ராசுவை ஒரு சின்ன டப்பாவில் வைத்து எடை பார்த்தார். 41 கிராம். ஐம்பதுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டிய பறவை. "மனிதருக்கு ஒன்பது பத்து கிலோ திடீரென்று குறைந்தால் வீட்டில் சும்மா இருப்பீர்களா?" என்று கேட்டார். நாங்கள் இருவரும் தரையைப் பார்த்தோம். சிறகு மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாதாம். தராசுக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் சொன்னதில் எனக்கு மறக்காதது இது. காட்டில் நோயைக் காட்டிக்கொள்ளும் பறவையைத்தான் பருந்து முதலில் தூக்கும். அதனால் பறவைகள் முடிந்தவரை நலமாக இருப்பதுபோலவே நடிக்கும். கூண்டில் பிறந்து வளர்ந்தாலும் அந்தப் பழக்கம் போகாது. உப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டது என்றால், இனி நடிக்கத் தெம்பில்லை என்று பொருள். நாம் "சோர்வா இருக்கு, நாளைக்குப் பார்ப்போம்" என்று நினைக்கும் நாள் உண்மையில் மிகவும் தாமதமான நாள்.

பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொன்னார். இரண்டு கண்ணிலும் புரை. அது வயதுதான், அப்படியே இருக்கும். கால் மூட்டில் தேய்மானம், அதுவும் வயது. ஆனால் மூச்சு, எடை, குரல் மூன்றும் வயது இல்லை. மூச்சுப் பாதையில் தொற்று. அதற்கு வழிவிட்டது பல வருடச் சாப்பாடு. தினையைத் தவிர வேறெதையும் ராசு கண்டதில்லை. வெறும் விதையில் வைட்டமின் ஏ போதாது. அது குறைந்தால் மூக்கிலும் தொண்டையிலும் உள்ள மெல்லிய தோல் பலவீனமாகி நோய்க்கு இடம் கொடுக்கும்.

உள்ளங்கால் சிவந்து தடித்திருந்தது. நாங்கள் யாரும் ராசுவின் உள்ளங்காலைப் பார்த்ததே இல்லை. கூண்டில் இருந்தவை பளபளவென்று இழைத்த, ஒரே பருமனான இரண்டு குச்சிகள். அப்பா ஆசையாக வாங்கியவை. பதினேழு வருடம் காலின் ஒரே இடத்தில் எடை இறங்கினால் என்ன ஆகும்? நாள் முழுவதும் ஒரே செருப்போடு நின்று வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

"வீட்டில் புகை ஏதாவது உண்டா?" என்று மருத்துவர் கேட்டார்.

அப்பாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். செவ்வாய், வெள்ளி சாம்பிராணி. தினமும் ஊதுபத்தி. சாயங்காலம் கொசுவத்தி. ராசுவின் கூண்டு சாமி மாடத்துக்கு நாலடி தள்ளி. பறவையின் உடம்பில் நுரையீரலோடு காற்றுப் பைகளும் உண்டு, பெரும்பாலானவற்றுக்கு ஒன்பது. இழுக்கும் காற்றை அவை உடம்பெங்கும் கொண்டுபோகும். பறப்பதற்காக அமைந்த ஏற்பாடு. நமக்கு லேசாக இருமல் வரும் புகை அவற்றுக்குப் பெரிய பாரம். ஒட்டாத தோசைக்கல்லை வெறுமனே அடுப்பில் காயவிட்டால் அதன் பூச்சிலிருந்து வரும் ஆவி ஒரு பறவையைச் சில நிமிடத்தில் கொன்றுவிடும் என்றும் சொன்னார். காக்கட்டீல், லவ்பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் இந்த ஒன்றையாவது அடுப்படியில் எழுதி ஒட்டிவையுங்கள்.

கட்டணச் சீட்டைப் பார்த்த அப்பா வெளியே வந்து மெதுவாகச் சொன்னார்: "அறுபது வெள்ளிப் பறவைம்மா." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "பரவாயில்லை," என்றார்.

வீட்டில் பெரிய விவாதம் சாம்பிராணிதான். "சாமிக்குக் காட்டறதை நிறுத்தச் சொல்றாங்களா?" என்று அம்மா கேட்டார். ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் அவரே தீர்வு கண்டுபிடித்தார். ராசுவின் கூண்டு என் பழைய அறைக்குப் போனது. சாம்பிராணி போடும்போது அந்தக் கதவு மூடியிருக்கும், கதவடியில் ஒரு ஈரத்துணி, அறையின் ஜன்னல் திறந்திருக்கும். புகை அடங்கி ஒரு மணி நேரம் கழித்துத்தான் கதவு திறக்கும். அம்மா இதைக் கோயில் நடை சாத்துவதுபோல ஒழுங்காகச் செய்கிறார்.

மருந்து பத்து நாள். சொட்டு மருந்தை ராசுவின் அலகில் விடுவது என்பது, வழுக்கும் சோப்புக்குப் பொட்டு வைக்கும் வேலை. அப்பா பிடிப்பார், நான் விடுவேன். நான் இல்லாத நாள்களில் அம்மா. இழைத்த குச்சிகளை எடுத்துவிட்டு, பருமன் மாறி மாறி இருக்கும் கொய்யாக் கிளைகளைக் கழுவிக் காயவைத்து, தாழ்வாகக் கட்டினோம். கிண்ணங்கள் எப்போதும் ஒரே இடத்தில். கண் தெரியாத பறவைக்கு வீட்டுச் சாமான்களை இடம் மாற்றக்கூடாது. தினையோடு பொடியாக நறுக்கிய கீரை, துருவிய காரட், கணவாய் ஓடு. காரட்டை ராசு ஒரு வாரம் காலால் தள்ளிவிட்டது. பிறகு ஒரு நாள் அலகில் ஆரஞ்சுக் கறை இருந்தது. அப்பா எனக்குப் படம் அனுப்பினார். என் வாழ்க்கையில் அவர் அனுப்பிய முதல் வாட்ஸ்அப் படம் அது. பாதி அவர் கட்டைவிரல்.

தினமும் காலையில் கூண்டுத் தாளைப் பார்ப்பதும் பழக்கமானது. எச்சத்தில் கருமையான பகுதி, வெள்ளைப் பகுதி, கொஞ்சம் நீர், மூன்றும் இருக்கவேண்டும். எண்ணிக்கை குறைந்தால் சாப்பிடவில்லை என்று பொருள். பச்சையாகத் தண்ணீர்போல இருந்தால் அன்றே மருத்துவரைக் கூப்பிடவேண்டும். வாரம் இருமுறை எடை. அம்மா கேக் மாவு நிறுக்கும் தராசில் ஒரு டப்பா. ராசுவுக்கு அந்த டப்பா பிடித்துவிட்டது. உள்ளே போனால் வெளியே வர மனமில்லை.

நாள்காட்டியில் அப்பா எழுதிவைத்தார். 41. 42. 42. 44. ஒரு வாரம் 43க்கு இறங்கியபோது காலை ஐந்து மணிக்கே எனக்கு அழைப்பு. நிகழ்ச்சிக்கு வண்டியில் போய்க்கொண்டிருந்தேன். மே மாதக் கடைசியில் 48. வால் ஆடுவது நின்றிருந்தது. ஒற்றைக் காலில் நின்று தூங்கியது. சுகமான பறவை அப்படித்தான் தூங்குமாம்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. இந்தப் பொழுதுபோக்கின் மறுபக்கம் எனக்குச் சங்கடம் தருகிறது. குரலுக்காகவே காட்டிலிருந்து பிடித்துப் பிடித்து, வைக்கோல் நிறத் தலையுள்ள ஒரு சின்னான் இனம் இந்த வட்டாரக் காடுகளில் பெரும்பாலும் துடைத்தெடுக்கப்பட்டுவிட்டது. 2018ல் அதை மிக ஆபத்தான நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். அது இன்னும் நிம்மதியாகப் பாடும் இடங்களில் ஒன்று நம் புலாவ் உபின். கெபுன் பாருவில் இதைக் கேட்டபோது பெரியவர்கள் யாரும் மழுப்பவில்லை. வளர்ப்பில் பிறந்ததை மட்டும்தான் வாங்கவேண்டும் என்றார்கள். ராசுவைத் திறந்துவிடலாமே என்று எனக்கு ஒரு நண்பர் சொன்னார். கண் தெரியாத, மூட்டு தேய்ந்த, கூண்டைத் தவிர எதையும் அறியாத பறவையைத் திறந்துவிடுவது விடுதலை ஆகாது. ஆனால் அப்பாவிடம் இன்னொரு பறவை வாங்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை.

ஜூனில் மறுபடியும் கெபுன் பாரு. இந்த முறை ஒலிவாங்கி இல்லை. மலாய்ப் பெரியவர் எங்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். அப்பா நேராக அவரிடம் போய், கூண்டின் உறையை விலக்கி, "தெரிமா காசே" என்று மட்டும் சொன்னார். அவர் ராசுவின் நெஞ்சைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். கம்பம் வேண்டாம் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அந்த உயரத்துக் காற்று இனி ராசுவுக்கு ஆகாது. ஜம்புல் கூண்டுகள் தொங்கும் நிழலில், கைக்கெட்டும் உயரத்தில் ஒரு கொக்கி காலியாக இருந்தது.

ஒரு மணி நேரம் ராசு வாய் திறக்கவில்லை. தலையைச் சாய்த்துச் சாய்த்து மேலே இருப்பவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, நாங்கள் கிளம்பலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோது, கூவியது. எண்ணினேன். ஆறு. நீளும் அந்தக் கடைசி ஒன்று வரவில்லை. இனி வராது என்று மருத்துவரும் சொல்லியிருந்தார்.

"எத்தனை?" என்று அப்பா கேட்டார்.

"ஆறுப்பா."

"எனக்கு மூணுதான் கேட்டுச்சு," என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் அதற்குமேல் பேசவில்லை. சீன அங்கிள் வாங்கிவந்த கோப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

அடுத்த சனிக்கிழமை ஈசூனுக்குப் போனபோது அப்பா குளித்துக்கொண்டிருந்தார். ராசுவின் எடையைப் பார்க்க நாள்காட்டியைப் புரட்டினேன். செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் அவருடைய சாய்ந்த கையெழுத்து: ராசு 49. அடுத்த வாரம் வியாழக்கிழமைக் கட்டத்தில், அதே பேனாவில்: காது. 10.30. பலதுறை மருந்தகம்.

தயாரிப்பாளருக்கு ஒரு செய்தி அனுப்பி, அந்த வியாழக்கிழமைக்கு விடுப்புக் கேட்டேன்.